கறுப்புப் பித்தமும் அக்காவின் பாட்டிலும்

போன வாரம் வேலூர் டாக்டரம்மா எனக்கு மாத்திரை எழுதும்போது 'மெலன்கோலியா' என்று ஒரு வார்த்தை சொன்னார். அப்படியென்றால் என்னம்மா என்றேன். கிரேக்கத்துப் பழைய வார்த்தையாம், கறுப்புப் பித்தம் என்று அர்த்தமாம். உடம்பில் அது ஏறினால் துக்கம் பிடித்துக்கொள்ளும் என்று அந்தக் காலத்து வைத்தியர்கள் நம்பினார்களாம். "இப்போ யாரும் நம்புறதில்ல தாத்தா" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் நம்பினவன். பாட்டில் பாட்டிலாக ஊற்றிக் கொடுத்தவன்.

ஆந்திரா தனி மாநிலமான புதிதில் சித்தூரில் ஒரு டாக்டரிடம் மருந்து கலக்கிக் கொடுக்கும் கம்பவுண்டராக இருந்தேன். பாதி டாக்டர் என்று எனக்கு நினைப்பு. அந்தத் திமிரை நினைத்தால் இப்போது என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம். மிக்சர் என்கிற தண்ணீர் மருந்துக்கு நோயாளிதான் பாட்டில் கொண்டுவர வேண்டும். வேளைக்கு இவ்வளவு என்று அளவு காட்ட, காகிதப் பட்டையின் ஓரத்தில் ரம்பம் மாதிரிப் பல் வெட்டிப் பாட்டிலில் ஒட்டுவது என் வேலை. இன்றைக்கும் எங்காவது கோந்து வாசனை அடித்தால் அக்கா வந்துவிடுகிறாள்.

அத்தான் தாலுகா ஆபீஸ் குமாஸ்தா. மாநிலம் பிரிந்தபோது மதராஸ் பக்கம் வேலை கேட்டுப் போனவர், வீடு பார்த்ததும் கூட்டிப்போவதாகச் சொன்னார். ஒரு கடுதாசிகூட வரவில்லை. பக்கத்தில் குடிபாலா ஊரில் தனியாகக் கிடந்த அக்கா, வாரா வாரம் பாட்டிலோடு பஸ் ஏறி வருவாள்.

"வாயெல்லாம் கசக்குதுடா தம்பி. சோறு துன்ன முடியல."

டாக்டர் நாக்கைப் பார்ப்பார். "பித்தம்தாம்மா" என்பார். நான் ஊற்றுவேன்.

ஒருநாள், "செத்த நேரம் இங்கயே குந்திக்கினு இருக்கட்டாடா?" என்றாள்.

"கூட்டம் நிக்குது பாருக்கா. போயி மருந்த ஒழுங்கா குடி."

பாவி, அப்படித்தான் சொன்னேன்.

அடுத்த வாரம் அவள் வரவில்லை. நானும் போய்ப் பார்க்கவில்லை. அதற்கடுத்த வாரம் ஆள் வந்து சொன்னான். ஜுரம் கண்டு இரண்டே நாளில் போய்விட்டாள். தாங்குவதற்கு உடம்பில் என்ன இருந்தது?

சாவு வீட்டில் பக்கத்து வீட்டு அம்மாள் என்னிடம் சொன்னாள்: "உன் மருந்த அவ எங்கப்பா குடிச்சா? முருங்க மரத்தடியில ஊத்திடுவா. இன்னாடி இதுன்னு கேட்டா, பாட்டில் காலியானாத்தான தம்பிய பாக்கப் போவ முடியும்னுவா."

அந்த டிஸ்பென்சரி இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. பல் வெட்டின காகிதப் பட்டையென்றால் யாருக்கும் தெரியாது. என் மாத்திரைகளைப் பெங்களூரிலிருந்து மகன் கூரியரில் அனுப்புகிறான். ஓர் அட்டை தீருவதற்குள் அடுத்தது வந்துவிடுகிறது. காலி பாட்டிலைத் தூக்கிக்கொண்டு யாரையும் போய்ப் பார்க்க வேண்டியதில்லை.