சிராஜும் கடலில் விழும் குழாய்களும்

“நாளைக்கித் தொழக் கூடாது” என்று மெஹராஜ் வாசலை மறித்து நின்றாள். செருப்பை மாட்டிக்கொண்டிருந்த முகம்மது ஹனீப் நிமிரவில்லை. அவன் அவள் கணவன் சிராஜின் தம்பி; அண்ணனைக் காக்கா என்றும் அவளை மச்சி என்றும் அழைப்பவன்.

சிராஜ் கீழக்கரையில் சங்கு குளித்தவன். பம்பாய்த் துறைமுகத்தில் கப்பல் விசிறியில் சிக்கும் கயிறுகளைக் கடலில் இறங்கி வெட்டி எடுப்பான். நோன்பு மாதத்தில் ஒருநாள் அவன் இடுப்பில் கட்டிய கயிறு மட்டும் மேலே வந்தது. பதினெட்டு நாளாகிவிட்டது. பெருநாளும் போய்விட்டது. உடல் கிடைக்கவில்லை.

உடல் இல்லாமல் ஜனாஸா, இறந்தவருக்கான தொழுகை, தொழுவது அவர்கள் குடியிருக்கும் தாராவியின் பள்ளிவாசலில் வழக்கமில்லை. கீழக்கரை வழக்கத்தில் உண்டு. நாளை காட்கோபரில் ஊர்க்காரர்கள் ஓர் அறையில் கூடுவதாகப் பேச்சு; அதை உறுதி செய்யத்தான் ஹனீப் கிளம்பினான். தொழுதுவிட்டால் அவன் இறந்தவன். மெஹராஜ் நான்கு மாதம் பத்து நாள் வெளியே வராமல் இத்தா இருக்க வேண்டும்.

போன வருடம் அமெரிக்க விண்கப்பல் பறந்ததிலிருந்து சிராஜுக்கு ஒரே பேச்சுதான்.

“அதத் தூக்கிவுட பதினஞ்சு மாடி உசரம், ரெண்டு குழாய். மருந்து எரிஞ்சு தீந்ததும் கழண்டு பாராசூட்டுல கடல்ல விழும். உள்ள காத்து இருக்கும்ல, தலைய நீட்டிக்கிட்டு நிக்கும். என்னை மாதிரி ஆளுங்க எறங்கி அடிவாய அடைச்சுக் காத்தடிப்பாங்க. தண்ணி வெளிய போயி படுத்துக்கும். கட்டி இழுத்துட்டு வந்து மறுபடி மருந்து அடைப்பாங்க.”

“ஏலே, ஒன்னய இன்னும் கூப்புடலியா?” என்பான் தாராவி லேபர் கேம்ப் டீக்கடையில் கூட்டாளி ஞானசேகரன்.

“மொதல்ல ஒனக்கு ஒரு பாராசூட் அனுப்புறேன். குடிச்சுட்டு மாடிப்படி எறங்க” என்பான் சிராஜ்.

வாசலை மறித்தபடியே மெஹராஜ் சொன்னாள்: “அம்புட்டு ஒசரத்துலேர்ந்து விழுந்ததையே தேடி எடுக்குறாங்க. உங்க காக்கா கப்பலுக்கு அடியிலதானே போனாரு?”

ஹனீப் செருப்பைக் கழற்றினான். வீட்டில் இங்கிலீஷ் பேப்பர் படிக்கத் தெரிந்தவன் அவன் ஒருவன்.

“போன மாசம் விட்டதுல குழாய் ரெண்டும் மூழ்கிட்டு, மச்சி. பாராசூட் வேலை செய்யல. அடிக்குப் போயிட்டு. விட்டுட்டாங்க.”

“அவருகிட்ட எடுத்தாச்சுன்னியே?”

“கேட்டாரு. சொல்ல மனசு வரல.”

“அதை நம்பித்தான் எறங்குனாரா?”

ஹனீப் செருப்பை மறுபடி மாட்டினான். அவள் வாசலைவிட்டு விலகினாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. ஜும்ஆ தொழுகைக்குப் பிறகு காட்கோபரில் ஜனாஸா தொழுதார்கள். பதினான்கு பேர். மழையில் ரயில் தாமதம். ஹனீப் வீடு திரும்ப ஐந்து மணி ஆகிவிட்டது. மெஹராஜ் உள்ளே இருந்தாள். பக்கத்து வீட்டு சைனப் கஞ்சி கொண்டுவந்து வைத்தாள்.