அந்தச் சந்திலிருந்து ஒருவரும் வரவில்லை

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் சென்னீர்குப்பத்தில், பெங்களூர் சாலையை ஒட்டி எனக்கு ஒரு சின்ன கிளினிக் இருந்தது. அப்போது எனக்கு முப்பது வயது. முன்கோபக்காரி. நான் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்கிற திமிர் வேறு.

மழை விட்ட வாரத்தில் வாந்தி பேதி என்று ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். எதிர்ச் சந்தில் வீட்டு வாசலிலேயே இட்லி சுட்டு விற்கிற பெண், ஒருநாள் தன் மூத்த மகளைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடி வந்தாள். எட்டு வயதுப் பெண். கண் குழிக்குள் போய்விட்டது, சோறு வடித்த கஞ்சி மாதிரி போய்க்கொண்டே இருந்தது. பார்த்ததுமே காலரா என்று எனக்குத் தெரிந்துவிட்டது. டிரிப் ஏற்றினேன். பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வண்டிக்குச் சொல்லிவிட்டு, மேசை டிராயரிலிருந்து அட்டையை எடுத்தேன்.

சந்தேகம் இருந்தாலே டாக்டர் எழுதி அனுப்ப வேண்டும், அது சட்டம். பெயர், வயது, வீடு, குடிக்கிற தண்ணீர் எங்கிருந்து என்று அச்சடித்த அட்டை, சுகாதார நிலையத்துக்குப் போகும். சுற்றுவட்டாரத்தில் பல டாக்டர்கள் 'கடும் வயிற்றுப்போக்கு' என்று கிறுக்கிவிட்டுப் பேசாமல் இருந்துவிடுவார்கள். காலரா என்று எழுதினால் ஜீப்பில் யார் வருவார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். அவளுக்கும் தெரிந்திருந்தது.

"வெறும் பேதின்னு எயுதிக்கோ டாக்டரம்மா. உன் கால்ல உயுறேன். இன்னா நோவுன்னு தெரிஞ்சா எவன் என் கையால துன்னுவான்?"

"உன் இட்லிக்காக ஊரே சாகணுமா?" என்று கத்தினேன். பெஞ்சில் நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். இப்போது நினைத்தாலும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

மறுநாள் காலை சுகாதார நிலையத்து ஜீப் வந்தது. சந்துக்கே பொதுவாக இருந்த அடிபம்பின் கைப்பிடியைக் கழற்றிக்கொண்டு போனார்கள். பிளீச்சிங் பவுடரை அவள் வீட்டு வாசலில் மட்டும் மூட்டையோடு கவிழ்த்தது போலக் கொட்டினார்கள். வாசல் அடுப்பு அன்றோடு அணைந்தது. பம்பு போன கோபம் முழுக்க அவள் மேல்தான் திரும்பியது. அவள் வீட்டைத் தாண்டும்போது பெண்கள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு போனார்கள். தண்ணீர் லாரி இரண்டு நாளுக்கு ஒருமுறை வந்தது. மற்ற நாளில் எங்கே பிடிக்கிறார்கள் என்று நான் யாரையும் கேட்கவில்லை.

ஐந்தாம் நாள் மூத்த மகள் பிழைத்து வீடு வந்து சேர்ந்தாள். அதற்குப் பிறகு அந்தச் சந்திலிருந்து பேதி என்று ஒரு ஆள்கூட என்னிடம் வரவில்லை. என் நோட்டில் பக்கம் காலியாக இருந்தது. பார்த்தீர்களா, எழுதினேன், நின்றது என்று சுகாதார ஆய்வாளரிடம் பீற்றிக்கொண்டேன். அவரும் தலையாட்டினார்.

பத்தாம் நாள் மத்தியானம், இட்லிக்காரியின் புருஷன் சின்ன மகளைப் புடவையில் சுற்றித் தூக்கிக்கொண்டு வந்தான். மூன்று வயது முடியவில்லை. கையைப் பிடித்தேன், நாடி இல்லை. ஸ்டெதாஸ்கோப்பை நெஞ்சில் வைத்துக் கேட்டேன். ஐயோ, ஒன்றுமே இல்லை.

முந்தின நாள் சாயங்காலமே ஆரம்பித்திருக்கிறது. கதவைச் சாத்திக்கொண்டு, துணியை உள்ளேயே அலசி, ஜவ்வரிசிக் கஞ்சியும் மருந்துக்கடை மாத்திரையும் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். என் கிளினிக் அவர்கள் வீட்டிலிருந்து முப்பதடி தூரம்.

பின்னாலேயே அவள் வந்தாள். குழந்தையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தாள். அப்போதும் என் வாய் சும்மா இருக்கவில்லை.

"நேத்தே ஏம்மா தூக்கிட்டு வரல?"

"வந்தா நீ எயுதிடுவியே, டாக்டரம்மா."

அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும். எழுதியது தப்பில்லை, இன்றைக்கும் எழுதுவேன். ஆனால் எழுதிப் போட்ட பிறகு ஒருநாள், ஒரே ஒருநாள், நான் அந்த வீட்டு வாசலில் போய் நின்றிருக்கலாம். நாலு பேர் பார்க்க உள்ளே போய் உட்கார்ந்து ஒரு வாய் தண்ணீர் குடித்திருக்கலாம். வேலை முடிந்ததென்று இருந்துவிட்டேன்.

இந்தச் சாவையும் எழுதித்தான் ஆக வேண்டும். அட்டையை எடுத்தேன். புருஷன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். அவள் மட்டும் நான் எழுதுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எதிர் ஊட்டுக் கெயவிக்கும் மூணு நாளா போவுது," என்றாள். "பக்கத்து ஊட்ல ரெண்டு பேருக்கு. யாரும் உன்னாண்ட சொல்ல மாட்டாங்க. எயுதிக்கோம்மா, அங்க கொயந்தைங்க கீது."

ஒவ்வொரு வீடாகச் சொன்னாள். மொத்தம் ஏழு வீடு. அவளைப் பார்த்து மூக்கைப் பொத்திக்கொண்ட வீடுகள் அவ்வளவும் அதில் இருந்தன. அவள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். குழந்தையை அவள் இன்னும் மடியை விட்டு இறக்கவில்லை.