கிளட்ச் மேல் வெறுங்கால்

கிளட்ச் மாற்றிய அன்றைக்கு ஷெட்டில் இருந்தது மெக்கானிக் பாய். அப்புறம் என் மனைவியின் அண்ணன். அப்புறம் நான். கார் எனக்கும் மச்சானுக்கும் பொது. பகலில் அவன் வாடகைக்கு ஓட்டுவான், இரவில் நான்.

பாய் கியர்பாக்ஸை இறக்கினார். கிளட்ச் பிளேட் தேய்ந்து ரிவிட் தெரிந்தது. கிளட்சைத் தள்ளும் ரிலீஸ் பேரிங்கைக் கையில் சுற்றினால் கரகரத்தது.

"யாரோ கிளட்ச் மேலயே கால வச்சி ஓட்டுறீங்க," என்றார்.

"மாப்ளதான். மாட்டுவண்டி ஓட்ட வேண்டிய ஆளு," என்றான் மச்சான். "இனிமே சாவி எங்கிட்டதான் இருக்கும்."

வண்டியை விட்டால் எனக்கு வேறு பிழைப்பு இல்லை. அது அவனுக்கும் தெரியும்.

இரண்டையும் மாற்றிய பிறகு ஓட்டிப் பார்க்கக் கிளம்பினோம். மச்சான் ஓட்டினான். நான் பக்கத்தில், பாய் பின்னால். கிரிவலப் பாதை வந்ததும் வண்டியை நிறுத்திச் செருப்பைக் கழற்றினான். அவனுடைய பகல் சவாரி பெரும்பாலும் அந்த ரோட்டில்தான்; அங்கே அவன் செருப்பு போட்டு ஓட்டமாட்டான். அடி அண்ணாமலை வரைக்கும் என்னைத் திட்டிக்கொண்டே வந்தான். இடது கால் பெரும்பாலும் கிளட்ச் மேலேயே இருந்தது.

"கால கீழ வை மச்சான்," என்றேன்.

"வெறுங்காலு. கீழ தகடு சுடுது இல்ல?" என்றான். சொன்ன பிறகுதான் அவனுக்கே உறைத்தது. வண்டியை ஓரம் கட்டினான்.

"உன் பக்திய பேரிங் தாங்கலப்பா," என்றார் பாய்.

மச்சான் சாவியை உருவி என் மடியில் எறிந்தான்.

"செருப்ப கழட்டினதுல இருந்து எத்தனை தடவை கால கீழ வச்சான்?" என்று பாய் என்னைக் கேட்டார்.

நான் எண்ணிக்கொண்டுதான் வந்தேன்.

"ரெண்டு."