கழுத்தளவு தண்ணீரில் அப்பாவின் இடம்

மாங்கேணிக் கரையில் வலைச் சொந்தக்காரர்களான சம்மாட்டிமார் மணலில் குடை பிடித்து உட்கார்ந்திருப்பார்கள். என் அப்பாவும் சம்மாட்டிதான். ஆனால் அவர் கழுத்தளவு தண்ணீரில் நிற்பார். கரையில் நின்று ஆட்கள் இழுக்கும் கரைவலை நெருங்கி வரும்போது அடிக்கயிறு மேலே எழும்பினால் மீன் கீழால் ஓடிவிடும். அதை ஒருவர் காலால் மிதித்தபடியே நடந்துவர வேண்டும். சொறி என்கிற ஜெல்லிமீன் பட்டால் உடம்பெல்லாம் எரியும். கூலிக்கு வந்தவனை அங்கே விடக்கூடாது என்பது அப்பாவின் பிடிவாதம். கறிக்கு மீன் பிரிக்கும்போதும், எல்லாரும் எடுத்து மிஞ்சியதுதான் எங்கள் வீட்டுக்கு வரும். அம்மா அதைக் கழுவும்போது சட்டிச் சத்தம் கொஞ்சம் கூடுதலாகக் கேட்கும்.

ஒருமுறை திருக்கை முள் குத்தி அப்பாவின் கால் வீங்கிவிட்டது. புண் ஆறும்வரை தண்ணீரில் இறங்கினால் காலையே எடுக்க வேண்டிவரும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அடுத்த நாள் விடிய, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு நொண்டி நொண்டிக் கரைக்குப் போனார். நானும் பின்னால் போனேன்.

வலை கடலில் கிடந்தது. கயிற்றைப் பிடித்திருந்த ஒருவரும் அசையவில்லை. அம்மாவின் தம்பியான மாமா தலையைக் குனிந்தபடி சொன்னார்:

"நீங்க இறங்கினா நாங்க இழுக்க மாட்டம் அத்தான்."

"என்ன மச்சான், சம்மாட்டி நானா நீயா?"

"நீங்கதான். புண்காலோட நீங்க தண்ணிக்குள்ள நிண்டா, காய்ச்சலெண்டு வீட்ட படுக்க எங்களுக்கு மூஞ்சி இரிக்கா? இந்தா, எனக்குப் பக்கத்துல நிக்கிற இவன் போன கிழம காய்ச்சலோட நடுங்கி நடுங்கி இழுத்தான். வாயத் துறந்தானா?"

அப்பா வீட்டுப் பக்கம் திரும்பி நடந்தார். அவரை எதிர்த்துப் பேசியவர்களை நான் திரும்பித் திரும்பி முறைத்துக்கொண்டே போனேன்.

மத்தியானம் மாமா மீன் கொண்டுவந்தார். அன்றைக்கு எங்கள் பங்கைத்தான் முதலில் எடுத்து வைத்தார்களாம். பெரிய பாரை. பாயில் கிடந்த அப்பா மீனைப் பார்க்கவில்லை.

"தண்ணிக்குள்ள ஆரு நிண்ட?"

"எல்லாருந்தான். ஒருத்தனுக்கு ஏலாமப் போனா மத்தவன் இறங்கினான்."

அப்பா சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கோபம் என்று நினைத்தேன். எனக்கும் கோபம்தான். அப்பா தனியாக நின்ற இடத்துக்கு அத்தனை பேர் தேவைப்பட்டிருக்கிறது. எல்லாரும் சரியான சோம்பேறிகள் என்று, பாரையைத் தின்றுகொண்டே அம்மாவிடம் சொன்னேன்.

அம்மா என் சோற்றுக் கோப்பையில் இன்னொரு துண்டை வைத்தார்.