சவரி சாமி கேட்ட ஒரே ஒரு நாள்

சவரி சாமி இறந்துவிட்டார் என்ற செய்தி எனக்கு இரண்டு முறை வந்தது. முதல் முறை வந்தது பொய்.

ஆனி மாதத்து ஒரு காலை. நம் கல்லூரியின் பழைய மாணவர்கள் வைத்திருக்கும் வாட்ஸ்அப் குழுவில் யாரோ ஒரு புண்ணியவான், ‘முன்னாள் முதல்வர் ஃபாதர் சவரிநாதன் இறைவனடி சேர்ந்தார்’ என்று போட்டுவிட்டான். இறந்தவர் வேறெங்கோ இருந்த, அதே பெயர் கொண்ட வேறொரு சாமியார். அதை விசாரிக்க யாருக்குப் பொறுமை? கும்பிட்ட கைகளும் அழுத முகங்களுமாக வந்து விழுந்துகொண்டே இருந்தன. துபாயில் இருக்கும் கடையநல்லூர்ப் பையன் ஒருவன் அழுதுகொண்டே பேசி அனுப்பியிருந்தான். மதியத்துக்குள் சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே கண்ணீர் அஞ்சலி பேனரும் ஏறிவிட்டது. கட்டியவர் நம் அலுவலக உதவியாளர் சுடலைமுத்து. சாமி என்றால் அவருக்கு உயிர். அதனால்தான் அத்தனை அவசரம்.

நான் அந்தக் கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். எனக்கும் மூளை வேலை செய்யவில்லை. அழுது முடித்துவிட்டு, திண்டுக்கல்லைத் தாண்டி இருக்கும் இயேசு சபையின் முதியோர் இல்லத்துக்குப் போன் போட்டேன்.

“அடக்கம் எத்தனை மணிக்குங்க?”

“யாருக்கு?”

“சவரிநாதன் ஃபாதருக்கு.”

“கோமதியம்மா, நான்தான் பேசுதேன்” என்றார்.

நடந்ததைச் சொன்னேன். பேனர் கட்டியதையும் சொன்னேன். மூச்சு வாங்க வாங்கச் சிரித்தார். “எந்தப் போட்டோ போட்டிருக்கான்?” என்று கேட்டார். பட்டமளிப்பு விழாவில் கறுப்பு அங்கி மாட்டிக்கொண்டு நிற்பாரே, அந்தப் படம் என்றேன். “அடப்பாவி, அதுல நான் குண்டாயில்லா இருப்பேன்” என்றார். உடனே அவிழ்க்கச் சொல்கிறேன் என்றதும் அவசரமாகத் தடுத்தார்.

“அவுத்திராதீங்க. அந்தப் பாக்கியம் யாருக்குக் கிடைக்கும்? நான் வந்து ஒரு தடவை பாத்துக்கிடுதேன். ஒரே ஒரு நாள் என்னைய அங்கன கூட்டிட்டுப் போங்க. அதைப் பாத்துட்டு, பஸ் ஸ்டாண்டுல ஒரு டீ குடிச்சிட்டு வந்திருவேன்.”

போனை வைத்த பிறகுதான் உறைத்தது. இத்தனை வருடத்தில் அந்த மனிதர் தனக்கென்று ஒன்று கேட்டு நான் கேட்டதில்லை. பேனர் ஒரு சாக்கு. ஊருக்கு வர ஆசைப்படுகிறேன் என்று நேராகச் சொல்ல அவருக்குத் தெரியவில்லை.

அவரிடம் படித்தவர்களுக்கு முதல் மணி மறந்திருக்காது. மற்ற கல்லூரிகளில் கடிகாரத்தைப் பார்த்து மணி அடிப்பார்கள். நம் கல்லூரியில் சிவகிரி பஸ்ஸைப் பார்த்து அடித்தோம். பிள்ளைகளில் பாதிப் பேர் அந்த ஒரு பஸ்ஸில்தான் வந்தார்கள். “பஸ் லேட்டானதுக்குப் பிள்ளை ஏன் வெளியில நிக்கணும்? மணி நிக்கட்டும்” என்று சாமி சொல்லிவிட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பாடம் எப்போது முடிப்பது? ஒரு முறை பல்கலைக்கழகத்திலிருந்து ஆய்வுக்கு வந்தவர்கள், முதல் வகுப்பு எத்தனை மணிக்கு என்று சுடலைமுத்துவைக் கேட்டார்கள். “சிவகிரி பஸ் வந்ததும் சார்” என்று அவர் அப்பாவியாகச் சொல்லி வைத்தார். வந்தவர்களின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! சாமி கொஞ்சமும் அசையாமல், “ஆமா, அதுதான் எங்க நேரம்” என்றார்.

எல்லாவற்றிலும் ஜெயித்தவர் என்று எழுதினால் அவருக்கே பிடிக்காது. என் வகுப்பில் இரண்டாம் வருடம் படித்த ஒரு பெண், நன்றாகப் படிக்கிறவள், திடீரென்று வருவதை நிறுத்தினாள். கல்யாணம் நிச்சயமாகிவிட்டது என்று தகவல் வந்தது. சாமி என்னையும் அழைத்துக்கொண்டு அவள் ஊருக்குப் பஸ் ஏறினார். மானாவாரிக் காடு; அவள் அப்பா ஆடு வைத்திருப்பவர். எங்களைக் கட்டிலில் உட்கார வைத்து, மோர் கொடுத்து, எதிரே தரையில் உட்கார்ந்துகொண்டார். குரலை உயர்த்தவே இல்லை.

“சாமி, நீங்க சொல்லுதது நூத்துக்கு நூறு நியாயம். ஆனா ஒரு பொண்ணைப் பெத்து வச்சிருந்தா உங்களுக்கும் எங்க பயம் தெரியும்.”

வெயில் இறங்கும் வரை உட்கார்ந்துவிட்டு எழுந்தோம். பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது, “நீங்க முடிஞ்சதைச் செஞ்சீங்க ஃபாதர்” என்று ஏதோ சொல்ல ஆரம்பித்தேன். “ஆறுதல் சொல்லாதீங்கம்மா. தோத்தாச்சு. தோத்ததைத் தோத்ததுன்னே வச்சுக்கிடுவோம்” என்றார்.

அந்தக் கல்யாணத்துக்கு அவர் போனார் என்பதுதான் எனக்கு ஆறவே இல்லை. பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டும் வந்தார். மானம் ரோஷம் இல்லையா என்று அலுவலக அறையில் வைத்துக் கேட்டே விட்டேன். “நானும் கோவிச்சுக்கிட்டுப் போகலன்னா, நாளைக்கு ஒண்ணுன்னா அந்தப் பிள்ளை யார்ட்ட வரும்?” என்றார். அந்தப் பெண் பிறகு படிப்பை முடித்தாள் என்று எழுத எனக்கும் ஆசைதான். அவள் வரவேயில்லை.

அவரை இந்த ஊரை விட்டு மாற்றியபோது நடந்தது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். சபையில் மேலிடம் போ என்றால் போக வேண்டும். வா என்றால் வர வேண்டும். மாற்றல் வந்ததும் நாங்கள் விடுவோமா? ஆசிரியர்கள், விசைத்தறிக்காரர்கள், கடைத்தெரு அண்ணாச்சிகள் எல்லாரும் ஒரு வேன் பிடித்து, சபையின் மாநிலத் தலைவரைப் பார்த்துப் பேசக் கிளம்பினோம். சாமி வேன் முன்னால் வந்து நின்றுகொண்டார்.

“எல்லாரும் கீழ எறங்குங்க. எனக்காக ஒருத்தரும் போய்க் கெஞ்சக் கூடாது.”

“கல்லூரி என்ன ஆகும் சாமி?” என்று பாத்திரக்கடை அண்ணாச்சி கேட்டார்.

“இன்னொருத்தர் வருவாரு. என்னையவிட நல்லாவே நடத்துவாரு. அது உங்களுக்குச் சங்கடமா இருந்தா நான் என்ன செய்ய?”

எல்லாரும் சிரித்துவிட்டார்கள். நான் சிரிக்கவில்லை. மறுவாரம் அவர் ரயிலேறிப் போனார். திரும்பிப் பார்க்கக்கூட இல்லை என்று எனக்கு அன்றைக்குக் கோபம்.

அப்படிப்பட்டவர் இப்போது ஒரு நாள் கேட்டார். எப்படியும் கூட்டி வந்தே தீர்வது என்று நானும் சுடலைமுத்துவும் இல்லத்துக்குப் போனோம். மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு சக்கர நாற்காலியில் இருந்தார். பாதி ஆளாகிவிட்டார். சுடலைமுத்து காலடியில் விழுந்துவிட்டார்.

“தெரியாம பேனர் கட்டிட்டேன் சாமி. உசிரோட இருக்குற மனுசருக்கு அஞ்சலி போட்டா ஆயுசு குறையும்னு ஊரே என்னைய ஏசுது.”

“ஏலே, எந்திரி. இவ்வளவு பெரிய போட்டோ நான் முதல்வரா இருக்கும்போதுகூட நீ வைக்கலையே. அதுக்கில்லா மன்னிப்புக் கேக்கணும்?”

இல்லத் தலைவர் இளைய சாமியார், நல்ல மனிதர். அவரால் ஆனதைச் செய்தார். இதயம் பாதிதான் வேலை செய்கிறது, பாதி நாள் பயணம் தாங்காது என்றார் டாக்டர். கெஞ்சினேன். ஆடிக் காற்று அடங்கட்டும் என்றார்கள். ஆவணியில் சளி, புரட்டாசியில் மறுபடி ஆஸ்பத்திரி. ஒவ்வொரு முறை நான் போன் செய்யும்போதும், “பேனர் இருக்கா?” என்று கேட்பார். இருக்கிறது என்பேன். நகராட்சியிலிருந்து வந்து கழற்றப் பார்த்தபோது சுடலைமுத்து அதைச் சுருட்டிக்கொண்டு ஓடி, கல்லூரி சைக்கிள் ஸ்டாண்டுக்குள் கட்டி வைத்தார். கிழித்தெறிய அவர் கை துடிக்கும். நான் விடவில்லை. பார்க்க வருகிறேன் என்று சொன்னவர் வந்து பார்த்துவிட்டுக் கிழிக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.

ஐப்பசி கடைசியில் டாக்டர் சம்மதித்தார். ஆக்சிஜன் வைத்த வண்டி, கூட ஒரு நர்ஸ், வழியில் எங்கெங்கே நிறுத்துவது என்பது வரை பேசி முடித்தாகிவிட்டது. சிவகிரி, கடையநல்லூர்ப் பிள்ளைகள் எல்லாருக்கும் சொல்லியனுப்பினோம். நானும் சுடலைமுத்துவும் வண்டியோடு போய் இல்லத்து வாசலில் இறங்கினோம். சாமி வெள்ளை அங்கி போட்டு, தலை வாரி, ஷூ மாட்டி வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் இல்லத் தலைவர் நின்றிருந்தார். அவர் முகத்தைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. விடியற்காலையிலிருந்து காய்ச்சல். டாக்டர் கூடாது என்றுவிட்டார்.

நான் கத்தினேன். ஆமாம், பாதிரிமார்கள் வீட்டில் நின்று கத்தினேன். “அவர் வாழ்நாள் பூரா நீங்க சொன்ன இடத்துக்கெல்லாம் போனாரே, ஒரே ஒரு நாள் அவர் சொன்ன இடத்துக்கு அனுப்பக் கூடாதா?” என்று கேட்டேன். அந்த இளைய சாமியார் தலையைக் குனிந்துகொண்டார். கண் கலங்கியிருந்தது. அவரைத் திட்டி என்ன பிரயோஜனம்? நோய்க்கு எதிரே அவரும் என்னை மாதிரிக் கையாலாகாதவர்தான்.

“விடுங்கம்மா” என்றார் சாமி. “கேட்டோம். இல்லைன்னுட்டாங்க. விட்ருங்க.”

“உங்களுக்கு ஆசையே இல்லையா ஃபாதர்?”

என்னை நிமிர்ந்து பார்த்தார். “இருக்கும்மா. ரொம்ப இருக்கு. ராத்திரி தூக்கமே வரல” என்றார்.

பிறகு ஷூவைக் கழற்றிவிடச் சொல்லிக் காலை நீட்டினார். சுடலைமுத்து குனிந்து கயிற்றை அவிழ்த்தார். அழுகையில் முடிச்சு அவருக்குப் பிடிபடவே இல்லை. “மெதுவா அவுத்து விடுடே, ஒண்ணும் அவசரமில்ல” என்று சாமி அவர் தலையில் கையை வைத்துக்கொண்டார். நான் அந்தப் பக்கம் திரும்பி நின்றேன். வேறு என்ன செய்ய?

கார்த்திகையில் இரண்டாவது செய்தி வந்தது. இல்லத் தலைவரே போன் செய்தார். இந்த முறை ஒருத்தரும் நம்பவில்லை. குழுவில் போட்டால், ‘உறுதி செய்துவிட்டுப் போடவும்’ என்று பதில் வருகிறது. “நெசமாவா மேடம்? போன தடவை மாதிரி இல்லையே?” என்று ஒவ்வொருத்தராகப் போனில் கேட்கிறார்கள். கடையநல்லூர்ப் பையன், “மேடம், நீங்களே போன் போட்டுப் பாருங்க, அவரே எடுப்பாரு” என்றான். நிஜம்தான், நிஜம்தான் என்று அன்றைக்கு முழுக்க ஊருக்கெல்லாம் நான்தான் சொல்லி முடித்தேன்.

சபையின் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம். அதற்கு முன்னால் ஒரு மணி நேரமாவது சங்கரன்கோவிலுக்குக் கொண்டு வர முடியுமா என்று கேட்டுப் பார்த்தோம். சாமியே, எங்கே சாகிறேனோ அங்கேயே வைத்துவிடுங்கள், யாரையும் அலைய விடாதீர்கள் என்று சொல்லி வைத்திருந்தாராம். அதற்கு மேல் யாரிடம் போய்ச் சண்டை போடுவது? இரண்டு பஸ் நிறையப் போனோம். பெட்டிக்குள் சின்னப் பையன் மாதிரி கிடந்தார்.

அடக்கத் திருப்பலியில் வெளியூர்ச் சாமியார் ஒருவர் உருக்கமாகப் பிரசங்கம் வைத்தார். துறவி என்றால் இவரல்லவா துறவி, தனக்கென்று எதையும் கேட்டதில்லை, எதற்கும் ஆசைப்பட்டதில்லை, கடைசி வரை எல்லாவற்றையும் புன்னகையோடு ஏற்றுக்கொண்டார் என்றார். கோயில் முழுக்கத் தலையாட்டியது. சுடலைமுத்து மட்டும் என்னைத் திரும்பிப் பார்த்தார். செத்தவரை வைத்துக்கொண்டு எதிர்ப்பேச்சுப் பேச முடியுமா? நானும் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அவர் சொன்ன நல்ல வார்த்தைகள், நடத்திய விதம், கட்டிய கட்டடம் எல்லாவற்றையும் நீங்கள் ஆளுக்கொன்றாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். என்னிடம் இருப்பது அந்த வராந்தாவில் அவர் சொன்னதுதான். பிரசங்கத்தில் வராததால் இங்கே எழுதுகிறேன். அந்த மனிதர் ஆசைப்பட்டார். நம் ஊருக்கு வர, நம்மையெல்லாம் ஒரு நாள் பார்க்க, தூக்கம் வராத அளவுக்கு ஆசைப்பட்டார். நம்மால் கூட்டி வர முடியவில்லை.