விரால் கிடந்த இடுக்கு

நான் வேலை பார்க்கும் திருத்தங்கல் அச்சகத்தில் இன்று பள்ளிக்கூடங்களுக்கான படமொன்று ஈரம் காயாமல் வந்தது. பவளப்பாறைப் பொந்துக்குள் பெரிய களவா மீன். 'பொந்துள்ள பாறையில்தான் பெரிய மீன்கள் தங்கும்' என்று கீழே போட்டிருந்தது.

மை வாசனையோடு எங்கள் கிணறு ஞாபகம் வந்தது. அப்பாவும் அம்மாவும் பட்டாசுக் கம்பெனி வேனில் ஏறிப் போனதும், கிணற்றுக் கல்லிடுக்கில் கிடந்த கிழட்டு விரால்தான் எனக்குத் துணை. மண்புழு போட்டால் தலையை மட்டும் நீட்டும்.

தண்ணீர் வற்றிய கோடையில், அப்பா விராலை அண்டாவில் போட்டுவிட்டு இடுக்குகளையெல்லாம் சிமெண்டால் பூசினார்.

"பிள்ள தனியா இருக்கா. பாம்பு கீம்பு அண்டிரும்ல" என்றார் அம்மாவிடம்.

தண்ணீர் ஊறித் திரும்பக் கிணற்றில் விட்டதும், விரால் வழவழச் சுவரையே சுற்றிச் சுற்றி வந்தது. மழையில் கிணறு நிரம்பி வழிந்த அன்று அந்தத் தண்ணீரோடு வெளியே போய்விட்டது.

"அண்ணே," என்றேன் மெஷின்காரரிடம், "அந்தப் பொந்துக்கு இன்னும் கொஞ்சம் கருப்பு ஏத்துங்க."