புன்னைத் தோப்பில் அளந்த தண்ணீர்

முப்பதுகளின் தொடக்கத்தில், அடையாற்றுக்குத் தெற்கே கடலோரக் குப்பம் ஒன்றை ஒட்டிப் புன்னைத் தோப்பு இருந்தது. தோப்பு மணலில் ஆளுயரம் தோண்டினால் நல்ல தண்ணீர் ஊறும். குப்பத்துக்கு வேறு குடிநீர் கிடையாது. அப்போது தியாகராய நகரில் புது வீடுகள் எழும்பிக்கொண்டிருந்தன. செங்கல் சூளைகளுக்கு விறகு தேவைப்பட்டது. சூளைக்காரர் ஒருவர் தோப்பைக் குத்தகைக்கு எடுத்து, வடபாதியை வேரோடு வெட்டிவிட்டார். நான் அங்கே கட்டிக்கொண்டிருந்த வீட்டுக்கும் செங்கல் அந்தச் சூளையிலிருந்துதான் வந்தது.

மயிலாப்பூரில் எங்கள் வீட்டுக்கு மீன் கொண்டுவரும் அம்மாள் அந்தக் குப்பத்துக்காரி. ஒரு நாள் கூடையை இறக்கி வைத்துவிட்டு, நாட்குறிப்பு எழுதிக்கொண்டிருந்த என்னிடம் கேட்டாள்:

"எந்நேரமும் எழுதிக்கினே கீறியே நைனா, எங்களுக்கு ஒரு மனு எழுதிக் குடேன். மீதி மரமும் போச்சின்னா தண்ணி பூடும். அப்பால குப்பமே எழுந்து போவணும்."

எழுதிக் கொடுத்தேன். தாசில்தார் நேரில் வந்து பார்ப்பதாகவும், ஊற்றுக்குக் கேடு வந்ததற்கு அத்தாட்சி வேண்டும் என்றும் பதில் வந்தது.

அத்தாட்சி தயாரிப்பது எனக்குப் பிடித்த வேலை. முடிச்சுப் போட்ட கயிற்றில் ஈயக்குண்டைக் கட்டினேன். ஒரு வாரம், தினமும் காலை ஆறு மணிக்கு, நிமிடம் பிசகாமல், மரம் நிற்கும் தென்பாதியின் தண்ணீர்க் குழியையும் வெட்டிய வடபாதியின் குழியையும் அளந்தேன். சிவப்பு மையில் கோடு போட்டு அட்டவணை எழுதினேன். முடித்து ஒரு முறை படித்தபோது அத்தாட்சி தலைகீழாக இருந்தது. இரண்டு குழியிலும் தண்ணீர் நாளுக்கு நாள் ஏறியிருந்தது.

அட்டவணையை எடுத்துக்கொண்டு குப்பத்துக்கு ஓடினேன். அவள் கருவாடு புரட்டிக்கொண்டிருந்தாள். நான் சொன்னதைக் கேட்டுச் சிரித்தாள்.

"கடியாரத்தப் பாத்தா அளந்தே? கடலப் பாத்து அளக்கணும் நைனா! கடலு ஏறச்சொல்ல ஊத்தும் ஏறும். ஒரு நாள் மாதிரி இன்னொரு நாள் அது ஆறு மணிக்கா ஏறுது?"

பக்கத்தில் இருந்தவள், "கணக்கப்புள்ள கடலுக்கே மணியடிக்கிறாரு!" என்றாள்.

அட்டவணையைக் கிழித்துவிடலாமா என்று கேட்டேன்.

"ஏன் கிழிக்கிறே? நெசந்தானே எழுதினே? குடு. மீதிய நான் பாத்துக்கறேன்."

மறுநாள் நல்ல வெயிலில் தாசில்தார் வந்தார். அட்டவணையைக் கொடுத்தேன். எட்டிப் பார்த்த சூளைக்காரருக்கு வாயெல்லாம் பல்.

"பாத்தீங்களா எஜமான், மரத்த வெட்டினா தண்ணி ஏறுது!"

அவள் குழிக்கு ஒன்றாக மொண்ட இரண்டு குடங்களுடன் வந்து நின்றாள். தென்பாதிக் குடத்திலிருந்து ஊற்றினாள். தாசில்தார் சிறிது தயங்கிக் கையை ஏந்தினார். தாகம் தீரக் குடித்தார். பிறகு வடபாதிக் குடம். ஒரு வாய் குடித்தவர் உடனே துப்பிவிட்டார்.

"ஏறுனது கடலு எஜமான்," என்றாள். "மரம் இருந்தாத்தான் மணல் மேடு நிக்கும். மேட்டுல எறங்குன மழத்தண்ணி உப்ப அமுக்கிக்கினு கெடக்கும். வேரத் தோண்டிட்டாங்க, மேடு காத்துல பூடுச்சு, உப்பு மேல வந்துடுச்சு."

"ரெண்டு கை உப்பப் போட்டு எடுத்தாந்திருப்பா," என்றார் சூளைக்காரர்.

அவள் கோபப்படவில்லை. காலிச் செம்பை அவரிடம் நீட்டினாள். "நீயே போய் அந்தக் குழியில மொண்டுக்கோ அண்ணே. செம்பு முழுக்கக் குடிச்சிடு. குடிச்சிட்டா மீதி மரத்தயும் வெட்டிக்கோ, நாங்க யாரும் குறுக்க வரல."

குப்பத்தையே அந்தச் செம்பில் வைத்து அவள் நீட்டிக்கொண்டிருந்தாள்.

அவர் போனார், மொண்டார். இரண்டு மிடறு வரை முகத்தை மாற்றாமல் குடித்தார். மூன்றாவதில் குமட்டியது. செம்பைக் கீழே வைத்துவிட்டார்.

தென்பாதியில் கோடாலி படக் கூடாது என்று தாசில்தார் அங்கேயே நின்றபடி எழுதினார். அட்டவணையை மடித்து என்னிடமே திருப்பிக் கொடுத்தார். குப்பம் எழுந்து போகவில்லை. தெரியாமல் வந்து யாராவது குடித்துவிடக் கூடாதென்று, வடபாதிக் குழியை அன்று மாலையே பெண்கள் மணல் அள்ளிப் போட்டு மூடினார்கள்.